ஐம்பத்தோராவது வரிசை

தன் கண்ணால் ஒருநாளும் பார்க்காத ஒன்றைப் பதினோரு ஆண்டுகளாக வரைந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு, அது அங்கே அப்படித்தான் இருக்கிறதா என்ற சந்தேகம் எப்போது வர வேண்டும்? வேலையில் சேர்ந்த முதல் நாளிலா, ஒவ்வொரு நாளுமா, அல்லது வராமலே காலத்தைக் கடத்திவிட முடியுமா?

ஆஷிஃபாவின் வாழ்க்கையைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் இந்தக் கேள்வி எழும். அவளுக்கு எழுந்ததாகத் தெரியவில்லை. காலையில் மட்டாஞ்சேரியில் பஸ் ஏறி, தோப்பும்படியில் உட்கார இடம் கிடைத்து, வைட்டிலாவில் இறங்கி, டைல்ஸ் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் உள்ள அலுவலகத்துக்குப் போவாள். அங்கே பகலெல்லாம் மண்ணுக்கு அடியில் ஓடும் தண்ணீரைப் படமாக வரைவாள். சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்புவாள். முப்பத்தொன்பது வயது. வீட்டில் கணவன் முனீர், பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். பேசுவது தமிழ், எழுதுவது மலையாளம், படத்துக்குக் கீழே விளக்கம் போடுவது ஆங்கிலம்.

அவளுடைய வேலையைச் சொல்வது சுலபம். வெங்கிடேஷ் என்று ஒருவர், திருப்பூணித்துறைக்காரர், பாலக்காட்டுத் தமிழ் பேசுபவர், அதே அறையில் எதிர் மேஜையில் இருந்தார். ஓர் இடத்தின் நிலத்தைக் கணக்கு நோட்டுத் தாள்போலச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் மணல், எதில் களிமண், எங்கே கிணறு, எவ்வளவு மழை என்றெல்லாம் கணினிக்குச் சொல்வது அவர் வேலை. அதற்கு அவர்கள் மாடல் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கும், எந்தப் பக்கம் நகரும் என்று கணினி கணக்குப் போட்டு லட்சக்கணக்கில் எண்களைத் தள்ளும். எண்களை யாரும் படிப்பதில்லை. அவற்றை வேறொரு மென்பொருளில் கொடுத்து, நீர்மட்டக் கோடுகளாகவும் அம்புகளாகவும் நிறங்களாகவும் மாற்றித் தெருக்களின் வரைபடத்துக்கு மேலே விரிப்பாள் ஆஷிஃபா. கலெக்டரோ பஞ்சாயத்துக்காரரோ பார்ப்பது அந்தப் படத்தை மட்டும்தான்.

அவளைக் கலைஞர் என்று அலுவலகத்தில் இரண்டொருவர் சொல்வார்கள். அது மிகை. அவளைப்போலக் கோடு போடக் கற்றவர்கள் எர்ணாகுளத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். அவளிடம் இருந்த நல்ல பழக்கம் ஒன்றே ஒன்று: தேவையில்லாத இடத்தில் சிவப்பு வைக்க மாட்டாள். பார்க்கிறவரைப் பயமுறுத்தி வேலையை முடித்துக்கொள்வது இந்தத் தொழிலில் எளிது. அதை அவள் செய்ததில்லை. அதனாலேயே அவள் சிவப்பு வைத்தால் எல்லோரும் நம்பினார்கள்.

அப்படி நம்பப்பட்ட ஒரு படத்தைப் பற்றியது இது.

மட்டாஞ்சேரியில், காயலை ஒட்டிய பகுதியில், பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஒரு லாரிப் பட்டறைக்கு அடியில் பழைய டீசல் தொட்டி ஒன்று துருப்பிடித்துக் கசிந்தது. கசிந்தது எந்தப் பக்கம் போகும், எந்தக் கிணறுகளை இப்போதே மூட வேண்டும் என்று கேட்டு அந்த வேலை ஆஷிஃபாவின் அலுவலகத்துக்கு வந்தது. பட்டறை அவள் வீட்டிலிருந்து எட்டு நிமிஷ நடை. பட்டறைக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் இருந்தது பர்ஸானாவின் முற்றம்.

பர்ஸானா முனீரின் அக்கா. ஆஷிஃபாவும் அவளை ராத்தா என்றே கூப்பிடுவாள். கணவர் இறந்த பிறகு, ஐந்து குடித்தனங்கள் சுற்றி இருந்த அந்த முற்றத்தில் ஒரு சமையல்கூடம் தொடங்கி, இடியாப்பமும், அரிசிமாவு ரொட்டியான பத்திரியும் செய்து, ஹாஸ்டல்களுக்கும் சாயாக் கடைகளுக்கும் கொடுத்துவந்தாள். கூட வேலைக்கு விசாலாக்ஷி, லோகாம்பாள் என்று இரண்டு பேர். முற்றத்தின் நடுவில் கிணறு. மட்டாஞ்சேரியில் முக்கால்வாசிக் கிணறுகள் உப்புக் கரிக்கும். இது கரிக்காது. அந்த முற்றத்து மக்கள் தங்கள் குணத்தால்தான் அப்படி என்பதுபோலப் பேசிக்கொள்வார்கள்.

ஆஷிஃபாவின் படம் தயாரானபோது டீசல் தொட்டியிலிருந்து ஒரு சிவப்பு நாக்கு புறப்பட்டு, தென்கிழக்காக நீண்டு, பர்ஸானாவின் முற்றத்தைத் தொட்டது. இரண்டு மழைக்காலத்துக்குள் வந்து சேரும் என்று கீழே எழுதியிருந்தது. கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தார்கள், இப்போது சுத்தம். ஆனால் தண்ணீரை எடுக்க எடுக்க நாக்கு வேகமாக நீளும் என்பதால் அந்த வரிசையில் மூன்று கிணறுகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. வலை போட்டு, சங்கிலி போட்டு, பூட்டுப் போட்டார்கள். ஆஷிஃபாவின் படத்தை லாமினேட் செய்து கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் கட்டிவிட்டுப் போனார்கள்.

இந்த வேலையிலிருந்து தன்னை விடுவிக்கும்படி அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். சொந்தக்காரர் வீட்டுக் கிணறு என்று சொன்னால் மேலாளர் சுபாஷிணி மறுத்திருக்க மாட்டார். எண்கள் யார் வீடு என்று பார்ப்பதில்லை, நான் ஏன் பார்க்க வேண்டும் என்று அவள் நினைத்திருக்கக்கூடும். அது நேர்மையா, யோசிக்காத பழக்கமா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

பர்ஸானாவின் சமையல்கூடம் தடுமாறத் தொடங்கியது. குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். டேங்கர் லாரி அந்தச் சந்துக்குள் நுழையாது. கேனில் வந்த தண்ணீரில் மாவு பிசைந்தால் இடியாப்பம் நூல் நூலாக விழாமல் அறுந்தது என்று லோகாம்பாள் சத்தியம் செய்தாள். அது உண்மையோ மனப்பிரமையோ, வாங்குகிறவர்களும் அப்படியே சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் மேல், சமையல்கூடத்தின் லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எழுதிக் கொடுக்காமல் புதுப்பிக்க மாட்டார்கள். கிணறு திறக்காவிட்டால் மாதக் கடைசியில் அடுப்பு அணையும்.

ஏழாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆஷிஃபா அங்கே போனபோது பர்ஸானா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாடீ, சித்திரக்காரி. உன் அம்பெல்லாம் ஏன் எங்க முற்றத்தப் பாத்தே நிக்குது? வேற தெருவே கெடைக்கலையா?"

"நான் எங்க ராத்தா திருப்புனேன்? தண்ணி போற பக்கம் அம்பு."

"பின்னே, தண்ணி சும்மா வருமா? சர்பத் குடிக்கற மாதிரி இந்தப் பக்கம் யாராச்சும் உறிஞ்சுனாத்தானே வரும்?"

"நீங்கதான் மோட்டார் போட்டு உறிஞ்சுனீங்க."

பர்ஸானா பூட்டைத் தூக்கிக் காட்டினாள். "ஏழு வாரமா இதத்தான் உறிஞ்சிட்டிருக்கேன். அப்பவும் வருமான்னு போன வாரம் வந்த ஹெல்த்துக்காரர்கிட்ட கேட்டேன். மூணு கிணத்தையும் மூடிக் கணக்குப் போட்டுப் பாத்தாச்சு சேச்சி, அப்பவும் நாக்கு உங்க பக்கம்தான்னு சொல்றாரு. நான் உறிஞ்சல. அடுத்த கிணத்துக்காரன் உறிஞ்சல. பின்னே யாரு? அத மட்டும் சொல்லு, போதும். மத்ததெல்லாம் நான் சகிச்சுக்குவேன்."

கணக்கு அப்படித்தான் சொல்கிறது என்று சொல்ல ஆஷிஃபா வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். விசாலாக்ஷி கொடுத்த பாலில்லாத கட்டஞ்சாயாவைக் குடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

மறுநாள் காலையில் அலுவலகத்தில் வேறு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பட்டறையின் மாடலைத் திறந்தாள். அறிக்கையில் நீர்மட்டக் கோடுகளை அரை மீட்டருக்கு ஒன்றாகப் போட்டிருந்தாள். தண்ணீர் மட்டம் மொத்தமே ஒரு மீட்டர் ஏறி இறங்கும் இடத்தில் அரை மீட்டர் கோடு என்பது, பலகாரத்தின் ருசியைத் தட்டின் எடையால் சொல்வதுபோல. அப்போது அது போதும் என்று தோன்றியது. நாக்குதான் முக்கியம், கோடுகள் அலங்காரம். இப்போது ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு வரும்படி மாற்றினாள்.

படம் மெதுவாக நிரம்பியது. கிழக்கே காயலை ஒட்டிக் கோடுகள் நேராக ஓடின. தென்கிழக்கில், பர்ஸானாவின் முற்றத்தைத் தாண்டி, கோடுகள் வளைந்து வட்டமாயின. வட்டத்துக்குள் வட்டம். பிசைந்த மாவில் கட்டைவிரலை அழுத்தி எடுத்ததுபோல ஒரு குழி. சுற்றியுள்ள தண்ணீர் எல்லாம் அதைப் பார்த்துச் சரிந்துகொண்டிருந்தது. உறிஞ்சுவது யார் என்ற கேள்விக்குப் பதில் அதுதான்: அந்த இடத்தில் யாரோ இரவும் பகலும் பெரிய மோட்டாரால் தண்ணீர் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அடியில் இருந்த தெரு வரைபடத்தைத் தெளிவாக்கிப் பார்த்தாள். அது கபர்ஸ்தான்.

அவளுடைய தகப்பனாரை, அத்தாவை, அடக்கம் செய்த இடம். எட்டு வருஷத்துக்கு முன், கர்க்கடகம் என்னும் ஆடி மாசத்து அடைமழையில் அவர் இறந்தார். பெண்கள் அங்கே போவதில்லை. போய்விட்டு வந்த முனீர், நனைந்த சட்டையோடு உட்கார்ந்து, ஒரே ஒரு தடவை சொன்னான்: குழி வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்ததாம். மூன்று பேர் வாளியால் இறைத்து வெளியே ஊற்றி, மேலே பலகை வைத்து, அவசரமாக மண்ணைத் தள்ள வேண்டியிருந்ததாம். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்குத் தோன்றியிருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் தினமும் பஸ்ஸுக்குப் போகும்போது அந்த மதில் ஓரமாகத்தான் நடப்பாள்.

அங்கே மோட்டார் கிடையாது. கிணறுகூடக் கிடையாது. அங்கே தண்ணீர் தாழ்வாக இருக்கிறது என்று உலகத்தில் யார் சொன்னாலும் அவள் நம்ப மாட்டாள். சொன்னது அவளுடைய படம்.

வெங்கிடேஷ் மாடலுக்குக் கொடுத்திருந்த கிணறுகளின் பட்டியலைத் திறந்தாள். பெரிய மோட்டார் ஒன்றே ஒன்று: வடக்கே இருக்கும் ஐஸ் கம்பெனியின் ஆழ்துளைக் கிணறு, அவர்கள் வழக்கில் போர். பதினோராவது வரிசை என்று இருந்தது. திரையில் நகத்தை வைத்து எண்ணினாள். படத்தில் குழி இருந்தது கீழேயிருந்து பதினோராவது வரிசையில்.

நகத்தை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மாடல் வரிசைகளை வடக்கிலிருந்து, மேலேயிருந்து எண்ணும். படம் வரையும் மென்பொருளின் புதுப் பதிப்பை இரண்டு மாசம் முன்புதான் அவள் நிறுவியிருந்தாள். பழைய பதிப்பு தானாகவே மேலேயிருந்து எண்ணிக்கொள்ளும். புதியதில் அதற்கென்று ஒரு சின்னப் பெட்டி. டிக் செய்தால் மேலேயிருந்து, செய்யாவிட்டால் கீழேயிருந்து. அவள் செய்யவில்லை. அடியில் தெருக்கள் சரியாக இருக்க, மேலே தண்ணீர் மட்டும் வடக்கு தெற்காகக் கவிழ்ந்திருந்தது.

இவ்வளவு பெரிய பிழை எப்படி எட்டு ஜோடிக் கண்களுக்குத் தப்பியது? அதற்கு வெங்கிடேஷின் ஒழுங்குதான் காரணம். எந்தப் பிரச்சினையையும் கட்டங்களின் நட்டநடுவில் வைப்பது அவர் பழக்கம். நூற்றியொரு வரிசை, தொட்டி ஐம்பத்தோராவது வரிசையில். மேலேயிருந்து எண்ணினாலும் ஐம்பத்தொன்று, கீழேயிருந்து எண்ணினாலும் ஐம்பத்தொன்று. தொட்டி நாலு வரிசை தள்ளி இருந்திருந்தால் சிவப்பு வேறு யாரோ வீட்டுக் கொல்லையில் தொடங்கியிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சிரித்திருக்கும். காயலும் கிழக்கேயே இருந்துவிட்டதால் அதுவும் காட்டிக்கொடுக்கவில்லை. ஒழுங்காக இருப்பதைச் சரியாக இருப்பதாக எடுத்துக்கொள்வது மனிதருக்கு இருக்கும் பழைய பலவீனம். அதில் கணினிக்குப் பங்கில்லை.

அவளுக்கு முதலில் வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நெஞ்சில் ஏழு வாரமாக இருந்த ஏதோ ஒன்று இறங்கியது. ராத்தாவின் கிணற்றை நோக்கி எதுவும் வரவில்லை. வெட்கம் அதற்குப் பிறகு, சாவகாசமாக வந்தது.

"வெங்கிடேஷ் சார், ஐஸ் கம்பெனி எந்தப் பக்கம்?"

"இதென்ன கேள்வி? வடக்காக்கும். தொட்டியப் பாக்கப் போன அன்னிக்கு அந்த வாசல்லதானே சாயா குடிச்சோம். பழம்பொரி நேத்தய பழம்பொரின்னு நீங்க சண்டை போட்டேளே."

"என் படத்துல அது கபர்ஸ்தானுக்குள்ள இருக்கு."

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து எழுந்து வந்தார். வட்டங்களைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

"பகவானே. என் கணக்கும் தப்பா?"

"கணக்கு சரி. நீங்க நம்பராத்தானே பாப்பீங்க, அதுல ஒரு தப்பும் இல்ல. படத்த நான்தான் கவுத்துப் போட்டுட்டேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "கவுத்தது நீங்கன்னா, நடுவுல வச்சது நானாக்கும். ரெண்டு பேருமா போய்ச் சொல்லலாம், வாங்கோ."

அவர் அப்படிச் சொன்னதைப் பெருந்தன்மை என்று உடனே எழுதிவிட வேண்டாம். தொட்டியை நடுவில் வைத்தது அவர்தான் என்பது உண்மையும்கூட. ஆனாலும் உண்மையைச் சொல்லாமல் இருப்பதற்கு அவருக்கு நல்ல வாய்ப்பு இருந்தது.

மேலாளர் சுபாஷிணி முழுதும் கேட்டார். பெட்டியை டிக் செய்து ஆஷிஃபா காட்டிய படத்தில் நாக்கு வடகிழக்கே திரும்பி, ஆளில்லாத கிடங்குகளுக்கு அடியில் புகுந்து, ஐஸ் கம்பெனியை நோக்கி நீண்டது.

"புது வெர்ஷன்ல வந்த கோளாறுன்னு ஒரு வரி எழுதிட்டு மாத்திக் கொடுத்துடலாமே?" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை, யோசனையாகச் சொன்னார்.

"வெர்ஷன் மட்டாஞ்சேரியில குடியிருக்கல, மேடம். நான்தான் அங்க போகணும், ஆளுங்க முகத்துல முழிக்கணும்."

சுபாஷிணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, உள்ளதையே எழுதுங்க. ஆனா ஒரு தடவை தப்பாச் சொல்லிட்டோம். இரண்டாவது தடவையும் படத்த மட்டும் காட்டினா எவன் நம்புவான்? போய் அளந்துட்டு வாங்க. நீங்களும்தான், ஆஷிஃபா."

பதினோரு வருஷத்தில் அவள் அளக்கப் போனதில்லை. அளவுகள் எண்ணாகத்தான் அவள் மேஜைக்கு வரும். புதன்கிழமை காலையில் வெங்கிடேஷோடு போனாள். டேப் சுற்றிய சக்கரத்தைக் கையில் பிடித்து, நுனியில் இருக்கும் உலோகக் குண்டை உள்ளே இறக்க வேண்டும். தண்ணீரைத் தொட்டதும் மேலே இருக்கும் பெட்டி கத்தும். கபர்ஸ்தான் மதிலுக்கு வெளியே, சாலையோரம், அளப்பதற்கென்றே பதித்த ஒரு குழாய் இருந்தது. தினமும் அதைத் தாண்டி நடந்திருக்கிறாள், என்னவென்று தெரியாமல்.

மூடியைத் திறந்து குண்டை இறக்கினாள். கவிழ்ந்த படம் சரியாக இருந்தால் தண்ணீருக்கு ஒன்றே முக்கால் மீட்டர் போக வேண்டும். ஒரு மீட்டர்கூடப் போகவில்லை, பெட்டி கீச்சென்று கத்தியது.

"தொண்ணூத்தி நாலு சென்டிமீட்டர்" என்று சொல்லி எழுதிக்கொண்டார் வெங்கிடேஷ். "திருத்தின படத்தோட அச்சா ஒத்துப்போறது. போகலாமா?"

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கபர்க் குழியை அதைவிட ஆழமாகத்தான் வெட்டுவார்கள். அவள் குண்டைத் தூக்கி மறுபடியும் இறக்கினாள். மறுபடியும் கத்தியது. மூன்றாவது தடவையும் இறக்கினாள். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐஸ் கம்பெனி மேனேஜர் செல்லதுரை தூத்துக்குடிக்காரர். அளந்து முடிக்கும்வரை கூடவே நடந்தார். அங்கே தண்ணீர் குழிபோலத்தான் இறங்கியிருந்தது.

"நல்ல சேதியா, கெட்ட சேதியா? எதுவானாலும் சட்டுனு சொல்லிருங்க."

"உங்க போர நிறுத்தணும். டீசல் இந்தப் பக்கம்தான் வருது" என்றாள் ஆஷிஃபா.

"என்னம்மா இது! போன மாசம்தான் ஒரு படத்தக் காட்டி, உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுப் போனாங்க?"

"அந்தப் படம் தலைகீழா இருந்துச்சு. வரைஞ்சது நான்."

செல்லதுரை அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "இப்பவாச்சும் சொன்னீங்களே. மீனுக்குப் போடற ஐஸ்ல டீசல் வாடை அடிச்சா போட்டுக்காரங்க மீனைக் கடல்ல போட மாட்டாங்க, என்னையத்தான் போடுவாங்க. இன்னும் வந்து சேரலைல்ல?"

"இல்ல. இப்ப நிறுத்துனா வராது."

அது உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. ஐஸ் கம்பெனியின் மோட்டாரை நிறுத்தி வெங்கிடேஷ் கணக்குப் போட்டபோது, நாக்கு பட்டறையின் சுற்றுச்சுவரைத் தாண்டி ஒரு கிடங்குக்கு அடியில் சோம்பலாக நின்றுவிட்டது. எந்த வீட்டுக் கிணற்றையும் தொடவில்லை. தொட்டியைத் தோண்டி எடுத்துவிட்டால் முடிந்தது. கம்பெனிக்குக் குழாய்த் தண்ணீர் இணைப்பு கொடுக்க ஏற்பாடு ஆனது. சாலை அங்கே அகலம், டேங்கரும் போகும்.

பர்ஸானாவிடம் சொல்ல அவள் புதன்கிழமை மாலையே போனாள். முனீர் கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்றாள். அடுப்படியில் பத்திரி சுட்டுக்கொண்டிருந்த பர்ஸானா, முழுதும் கேட்டுவிட்டுத் தோசைத் திருப்பியைக் கீழே வைத்தாள்.

"அப்போ எங்க கிணத்துக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்ல ராத்தா."

"அல்ஹம்துலில்லாஹ்." கண்ணை மூடித் திறந்தாள். திறந்த கண் வேறாக இருந்தது. "அப்போ ஏழு வாரமா எங்க கிணத்துக்குப் பூட்டுப் போட்டது கார்ப்பரேஷன் இல்ல, நீயி."

"ஆமா."

"கேன் தண்ணியில பிசைஞ்சு பிசைஞ்சு லோகாம்பாளுக்கு மணிக்கட்டு வீங்கிப்போச்சு."

"கேன் தண்ணியில மாவு ஒண்ணும் கெட்டியாகாது, ராத்தா."

"வாயத் தொறக்காத. தொறந்தே, அந்தக் கிணத்துப் பூட்ட எடுத்து உனக்குப் போட்டுருவேன்."

விசாலாக்ஷி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். ஆஷிஃபா இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

இரண்டு நாள் பேச்சில்லை. சனிக்கிழமை ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்து பூட்டைத் திறந்து, சங்கிலியை எடுத்து, லைசன்ஸுக்கு வேண்டிய கடிதத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு பர்ஸானா அனுப்பியதாக ஒரு தூக்குச் சட்டி வந்தது. மூடியைத் திறந்தால், அடியில் இருக்க வேண்டிய தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் மேலே, மேலே இருக்க வேண்டிய இடியாப்பம் அடியில் ஊறிக் கூழாகிக் கிடந்தது. கூடவே போனில் ஒரு வாய்ஸ் மெசேஜ்: "தலைகீழா அடுக்கியிருக்கேன்டீ. நீயாச்சு, சரியா எடுத்துத் தின்னு. கிணத்துத் தண்ணியில பிசைஞ்சது."

முனீர் வயிறு வலிக்கச் சிரித்தான். ஆஷிஃபா அந்தக் கூழை ஒரு ஸ்பூன் விடாமல் சாப்பிட்டாள். பிறகு கழுவிய சட்டியை எடுத்துக்கொண்டு, முனீரையும் மகளையும் கூட்டிக்கொண்டு, முற்றத்துக்குப் போனாள். பர்ஸானா பழைய லாமினேட் படத்தைக் கைப்பிடிச் சுவரிலிருந்து அவிழ்த்து, மாவு விரித்துக் காயவைக்கும் பாய் பறக்காமல் இருக்க ஓரத்தில் வைத்திருந்தாள். அன்று மதியம் எல்லோரும் அங்கேதான் சாப்பிட்டார்கள். கிணற்றைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. பேச வேண்டிய தேவை போய்விட்டது.

திருத்திய அறிக்கையின் கடைசிப் படத்தை அடுத்த வாரம் ஆஷிஃபா முடித்தாள். அதன் கீழே, முந்தைய படம் வரைந்தவரின் பிழையால் வடக்கு தெற்காகக் கவிழ்ந்திருந்தது என்று ஒரு வரி. அது சுபாஷிணி ஒப்புக்கொண்டது, எல்லோருக்கும் புரிந்தது. நிறங்கள் அமைதியாக இருந்தன. நாக்கு சின்னதாக, தன் இடத்தில் நின்றது. அம்புகள் கிழக்கே காயலைப் பார்த்துச் சாதுவாகப் போயின.

ஆனால் தென்கிழக்கில் ஓர் இடத்தில் நிறம் இல்லை. கோடுகள் அதன் ஓரம்வரை வந்து நின்றுவிட்டன. அம்பும் இல்லை. மதிலின் அளவுக்குச் சரியாக, கபர்ஸ்தான் மட்டும் வெள்ளையாக இருந்தது. விளக்கப் பட்டியலில் அதற்கென்று ஒரு வெள்ளைக் கட்டம், பக்கத்தில், "காட்டப்படவில்லை."

வெங்கிடேஷ் படத்தை முகத்தருகே பிடித்துப் பார்த்தார்.

"இங்கே எண் விட்டுப்போச்சா?"

"இல்ல சார். எண் இருக்கு."

"இருக்குன்னா? படம் முழுக்க நாம நிச்சயமாச் சொல்லக்கூடிய எடம் அது ஒண்ணாக்கும். நீங்களே மூணு தடவை அளந்தேளே."

"ஆமா."

"பின்னே ஏன்?"

அவள் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "அது அப்படியே இருக்கட்டும் சார்" என்றாள்.

அறிக்கை அப்படியே போனது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அந்தப் படத்தைப் புதுப்பிக்க வேண்டும். இதுவரை மூன்று தடவை புதுப்பித்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் மதிலுக்கு வெளியே குழாயில் குண்டை இறக்கி அளந்து, எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, அந்த இடத்தை வெள்ளையாகவே விட்டாள்.